காட்டுக் கொட்டைகளும் கிழங்குகளும்: பெயரை மட்டும் நம்பலாமா?

காட்டில் வளரும் கொட்டை மரங்கள், கிழங்குக்காகத் தோண்டப்படும் செடிகொடிகள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைத் தொகுக்கிறீர்கள். ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் எதிரே ஒரு தாவரவியல் பெயரை எழுதிவிட்டால் போதுமா என்பது உங்கள் கேள்வி. போதாது. ஊர்ப்பெயர் செடியின் குடும்பத்தைப் பார்த்து வைத்ததல்ல. அது எப்படி இருக்கிறது, என்ன ருசி, எதற்கு ஆகும், எங்கிருந்து வந்தது என்று பார்த்து வைத்தது. அதனால் ஒரு செடிக்கு நாலு பெயர் இருக்கும், ஒரே பெயரில் நாலு செடியும் இருக்கும். பூச்செடிகளின் பட்டியலில் இந்தக் குழப்பத்தால் பெரிய நட்டமில்லை. தின்கிற கொட்டை, கிழங்கு என்று வரும்போது ஒரு பெயர் இடம் மாறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வெறும் பட்டியலாகத் தராமல், எந்தப் பெயர்கள் எங்கே மோதுகின்றன என்று சொல்கிறேன். பட்டியலை அதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

வள்ளியிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் மிக அதிகமாகக் கைமாறிய கிழங்குப் பெயர் அதுதான். பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே நான்கு பொருள்கள் விளைகின்றன என்று கபிலர் சொல்லும் புறநானூற்றின் 109ஆம் பாட்டு பலருக்கும் தெரிந்திருக்கும்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். அங்கே வள்ளி என்பது டயஸ்கோரியா பேரினத்தைச் சேர்ந்த காட்டுக் கொடி. இன்று சந்தையில் 'வள்ளிக்கிழங்கு' என்று கேட்டால் பல ஊர்களில் சர்க்கரைவள்ளியைத்தான் எடுத்துத் தருவார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஐப்போமியா பட்டாட்டாஸ். நம் வேலியோரத்து ஊமத்தம்பூ வடிவப் பூக்களைக் கொண்ட கொடிகளோடு உறவுடையது. மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அது ஆமணக்குக் குடும்பத்துச் செடி. கபிலருக்கு இந்த இரண்டில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. கடல் கடந்து வந்த இரண்டு கிழங்குகளுக்கும் நம் மக்கள் ஏற்கெனவே இருந்த பெயரையே நீட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள்.

அதோடு முடியவில்லை. சர்க்கரைவள்ளி தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு, யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு. மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு, மரச்சீனி, கப்பக்கிழங்கு என்று ஊருக்கு ஒரு பெயர். பட்டியலில் 'வள்ளி' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. இதில் உணவு பற்றிய கணக்கும் இருக்கிறது. மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, அதிலிருந்து சயனைடு பிரியும். கசப்பு வகைகளை நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். சர்க்கரைவள்ளிக்கு இந்தத் தொல்லை கிடையாது. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் பக்குவமும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் நினைக்கக் கூடாது.

சரி, உண்மையான வள்ளிக் கொடிகளுக்கு வருவோம். பெருவள்ளி, அதாவது டயஸ்கோரியா அலாட்டா, பெரும்பாலும் பயிராக வைப்பது. தண்டு நாலு பட்டையாக, ஓரங்களில் மெல்லிய இறக்கை போன்ற விளிம்போடு இருக்கும். ஊதா நிறக் கிழங்கு விடும் வகையை ஈழத்தில் இராசவள்ளி என்பார்கள். சிறுவள்ளி என்பது டயஸ்கோரியா எஸ்குலெண்டா. இதைச் சிறுகிழங்கோடு சேர்த்துவிடாதீர்கள். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் சிறுகிழங்கு என்றால் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த, கொடியே அல்லாத ஒரு சிறு செடியின் கிழங்கு. பெயர்ப் பட்டியல்களில் இந்த இரண்டும் ஒன்றாக்கப்படும் தவறு அடிக்கடி நடக்கிறது.

காய்வள்ளி வேறு ரகம். இதய வடிவ இலை, உருண்டையான வழுவழுப்பான தண்டு, இலைக் கக்கத்தில் உருளைக்கிழங்கு போல் தொங்கும் காய்கள். அவை உண்மையில் காய்கள் அல்ல, தண்டில் முளைக்கும் கிழங்குகள். மண்ணில் விழுந்தால் அவற்றிலிருந்தே புதுக் கொடி வரும். காட்டு வகை கடும் கசப்பு. நறுக்கி, சாம்பல் சேர்த்து வேகவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றித்தான் சாப்பிட முடியும். கவலை என்ற பெயர் பழைய பாடல்களிலேயே வருகிறது. கவலைக்கிழங்கு தோண்டிய குழிகளில் கொன்றைப் பூ உதிர்ந்து கிடப்பதைக் குறுந்தொகையில் பார்க்கலாம். இன்று அந்தப் பெயரால் குறிக்கப்படுவது டயஸ்கோரியா ஆப்போசிடிஃபோலியா என்ற கொடி. கிழங்கு நேராக ஆழத்தில் இறங்குவதால் பெரிய குழி வெட்டினால்தான் முழுசாகக் கிடைக்கும். நூரை என்பது ஐந்து சிற்றிலைகள் கை விரித்தது போல் நிற்கும் டயஸ்கோரியா பென்டாஃபில்லா.

இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். நூரையின் அதே உருவச் சாயலில், முள் உள்ள தண்டோடு, மூன்று அகன்ற சிற்றிலைகளோடு ஒரு கொடி உண்டு: டயஸ்கோரியா ஹிஸ்பிடா. இதன் கிழங்கில் டயஸ்கோரின் என்ற நச்சு இருக்கிறது. அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும். மெல்லிய வில்லைகளாக அரிந்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு நஞ்சைப் போக்கிய பிறகு சாப்பிடும் வழக்கம் ஆசியாவின் பல காடுகளில் இருக்கிறது. அந்தப் பக்குவம் தெரியாதவர் தொடவே கூடாது. "மூன்று இலை என்றால் நஞ்சு, ஐந்து இலை என்றால் நல்லது" என்று ஒரு சூத்திரமாக எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். நூரையின் மேல் இலைகளில் சில சமயம் மூன்று சிற்றிலைகள்தான் இருக்கும். மூன்று சிற்றிலையுள்ள டயஸ்கோரியா டொமென்டோசா என்ற இன்னொரு கொடியின் கிழங்கைச் சாப்பிடுகிறார்கள். இலை எண்ணிக்கையோடு, தண்டில் முள் எங்கே இருக்கிறது, இலையின் அடியில் மயிர் உண்டா, கொடி வலமாகச் சுற்றுகிறதா இடமாகச் சுற்றுகிறதா, கிழங்கின் வடிவம் என்ன என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். சுற்றும் திசை ஒரு அருமையான குறி. பெருவள்ளியும் கவலையும் ஒரு பக்கம் சுற்றினால் காய்வள்ளியும் நூரையும் எதிர்ப்பக்கம் சுற்றும். பெயர் தொகுப்பவர்கள் இதை எழுதி வைப்பதே இல்லை.

இன்னொரு சிக்கல் பருவம். வள்ளிக் கொடிகள் மழைக்காலத்தில் தழைத்து, கோடையில் காய்ந்துபோகும். கிழங்கு முற்றித் தின்னத் தோதாக இருப்பது கொடி காய்ந்த பிறகுதான். அடையாளம் சொல்லும் இலை அப்போது இருக்காது. மலையில் கிழங்கு தோண்டிப் பழகியவர்கள் இலை இருக்கும்போதே இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். காய்ந்த தண்டின் அடித்துண்டு, அதன் முள், மண்ணின் தன்மை இவற்றை வைத்தே கொடியைச் சொல்லிவிடுவார்கள். கிழங்கை எடுத்த பிறகு தலைப்பகுதியைத் திரும்ப மண்ணில் புதைத்துவிட்டு வருவதும் அவர்களில் பலரிடம் உள்ள வழக்கம். அடுத்த மழைக்கு அது மறுபடி துளிர்க்கும். இந்த அறிவைப் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்யாவிட்டால் பெயரால் பாதிப் பயன்தான்.

இலை இல்லாத அதே பருவத்தில் மண்ணுக்குள் கிடக்கும் இன்னொரு கிழங்கு கண்வலிக்கிழங்கு. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்குதான் இது. தாவரவியலில் குளோரியோசா சூப்பர்பா. கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, வெண்தோண்டி என்றும் பெயர் உண்டு. 'கிழங்கு' என்ற சொல் பெயரிலேயே இருப்பதால் உண்ணும் கிழங்குப் பட்டியல்களில் இது நுழைந்துவிடுகிறது. இதில் உள்ள கொல்சிசின் வேகவைத்தாலும் அழியாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும், பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், பிழைத்தவர்களுக்குத் தலைமுடி கொட்டும். சர்க்கரைவள்ளி என்றோ காட்டு வள்ளி என்றோ நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. கிழங்கு இரண்டாகப் பிரிந்து கலப்பை போல் வளைந்திருக்கும், இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக முடியும். உங்கள் தொகுப்பில் ஒரே ஒரு பெயருக்குச் சிவப்பு மையில் எச்சரிக்கை எழுதுவதென்றால் இதற்கு எழுதுங்கள்.

சேனை, கருணை விவகாரம் ஆபத்தில்லாதது, ஆனால் குழப்பம் அதிகம். சில மாவட்டங்களில் கருணைக்கிழங்கு என்றால் பெரிய வட்டச் சேனையேதான். வேறு ஊர்களில் கருணை என்பது கைக்கு அடங்கும் பிடிகருணை; அங்கே பெரியதற்குச் சேனை என்று பெயர். யார் சொன்னார், எந்த ஊரில் சொன்னார் என்று குறித்தால் தீர்ந்தது. இரண்டிலும் நாக்கும் தொண்டையும் அரிப்பதற்குக் காரணம் ஊசி வடிவ கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். காட்டுச் சேனையில் அது இன்னும் அதிகம். அரரூட், கூவை, கூகை என்ற பெயர்களிலும் இதே கதைதான்: அமெரிக்காவிலிருந்து வந்த மராண்டாவும், மஞ்சளின் உறவான நம் காட்டுக் கூவையும் ஒரே பெயரில் புழங்குகின்றன. இரண்டிலிருந்தும் வெள்ளை மாவு எடுக்கலாம் என்பதுதான் பெயர் ஒட்டியதற்குக் காரணம்.

நன்னாரியும் மாகாளிக்கிழங்கும் வாசனையால் ஒன்றாக்கப்பட்டவை. நன்னாரி மெல்லிய கம்பி போன்ற வேர். மாகாளி தடித்த சதைப்பற்றுள்ள வேர், ஊறுகாய்க்குப் போவது. மாவிலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். இரண்டும் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டிலும் ஒரே வகை மணப்பொருள். சர்பத்துக்கு நன்னாரி என்று விற்கப்படும் வேர் சில இடங்களில் மாகாளியாகவே இருக்கிறது. தின்பதற்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் மாகாளி, தென்னிந்தியப் பாறைச் சரிவுகளில் மட்டும் வளரும் டெகாலெபிஸ் ஹாமில்டோனி. வேரோடு பிடுங்கிப் பிடுங்கி அருகிக்கொண்டே போகிறது. நன்னாரியோ எங்கும் கிடைப்பது. நன்னாரி என்ற பெயரில் மாகாளி மறைந்துபோனால், எது குறைகிறது என்பதே நமக்குத் தெரியாமல் போகும். இது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம்.

நீர்நிலைக் கிழங்குகளை விட்டுவிடாதீர்கள். 'கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே' என்று மூதுரையில் வரும் கொட்டி, ஏரிக் குளங்களில் மிதக்கும் இலைகளோடு வளரும் அப்போனோஜெட்டான். குளம் வற்றினாலும் கிழங்கு சேற்றில் கிடக்கும். பஞ்ச காலத்தில் தோண்டித் தின்ற கிழங்குகளில் அதுவும் ஒன்று. காட்டுக் கிழங்கு என்றாலே மலையை நினைப்பதால் ஏரிகளின் பெயர்கள் தொகுப்புகளில் காணாமல் போகின்றன.

இனி கொட்டைகள். இங்கே முன்னொட்டுகள்தான் ஆளை ஏமாற்றும். 'நாட்டு' என்று வந்தால் பெரும்பாலும் 'வெளியூர்ப் பொருளுக்கு இங்கே கிடைக்கும் மாற்று' என்று அர்த்தம், உறவு என்று அர்த்தமல்ல. நாட்டு வாதுமை, டெர்மினாலியா கட்டாப்பா, கடற்கரையோரம் தட்டுத்தட்டாகக் கிளை பரப்பி நிற்கும் மரம். மருதம், கடுக்காய், தான்றியின் குடும்பம். கடையில் விற்கும் பாதாம் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாட்டு வாதுமைப் பருப்பு சிறியது, நாரும் ஓடும் உடைத்து எடுப்பது பெரும் வேலை, ஆனால் பச்சையாகவே தின்னலாம், ருசியும் உண்டு. நாட்டு அக்ரோட்டு அப்படியல்ல. அது ஆமணக்குக் குடும்பத்து ஆல்யூரிட்டிஸ் மரம். பருப்பைப் பச்சையாகத் தின்றால் வயிறு கெடும். முன்னொட்டு ஒன்றுதான், பலன் இரண்டு.

'காட்டு' இன்னும் மோசம். காட்டாமணக்கு விதை ருசியாகவே இருக்கும், அதுதான் பயங்கரம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்குப் போகும் செய்தி அடிக்கடி வருகிறது. 'ருசியாக இருந்தால் நஞ்சாக இருக்காது' என்ற நம்பிக்கையை அந்த ஒரு விதையே பொய்யாக்கும். இந்தியில் 'காட்டு பாதாம்' என்று பொருள்படும் ஜங்லி பாதாம் என்ற பெயர் இரண்டு மரங்களுக்கு இருக்கிறது. ஒன்று நம் பீநாறி மரம், ஸ்டெர்குலியா ஃபீட்டிடா. குதிரைப்பிடுக்கன் என்றும் சொல்வார்கள். பீநாறி என்பது பூவின் நாற்றத்தால் வந்த பெயர். தாவரவியல் பெயரின் இரண்டு பாதியும் அதே நாற்றத்தைத்தான் குறிக்கின்றன. அதன் கறுப்பு விதைகளை வறுத்துத் தின்பார்கள், பச்சையாகத் தின்றால் பேதியாகும். இன்னொன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரடிமுத்து, ஹிட்னோகார்பஸ். அதன் எண்ணெய் ஒரு காலத்தில் தொழுநோய்க்கு மருந்தாக இருந்தது, விதை நச்சு. இந்திப் பெயரைத் தமிழாக்கி உங்கள் பட்டியலில் 'காட்டு பாதாம்' என்று எழுதினால் வறுத்துத் தின்னும் கொட்டையும் நச்சு விதையும் ஒரே வரியில் வந்து நிற்கும்.

முந்திரி விசித்திரமானது. பழைய தமிழில் முந்திரி, முந்திரிகை என்றால் திராட்சை. போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் பிரேசில் மரம் வந்த பிறகு அது கொட்டைமுந்திரி ஆனது, திராட்சை கொடிமுந்திரி ஆனது. பிறகு முந்திரி என்ற தனிச்சொல்லையே மரம் எடுத்துக்கொண்டது. கொல்லா மரம் என்ற பெயரும் உண்டு. பழைய நூலில் முந்திரி என்று பார்த்தவுடன் கொட்டை மரம் என்று குறித்துவிடாதீர்கள்.

முந்திரியின் நம்மூர்ச் சொந்தம் சேங்கொட்டை, சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். இரண்டின் உருவமும் ஒன்றே: கீழே சதைப்பற்றான காம்பு, நுனியில் கொட்டை. இரண்டின் ஓட்டிலும் தோலைக் கொப்புளமாக்கும் எண்ணெய். சேங்கொட்டையின் கறை போகாது என்பதால் சலவைத் துணிகளில் அடையாளம் போட அதைப் பயன்படுத்தினார்கள். காம்பைச் சுட்டுத் தின்பவர்கள் உண்டு, பருப்பையும் பக்குவம் தெரிந்தவர்கள் எடுப்பார்கள். தெரியாதவர் கையில் எடுத்து உடைத்தாலே கொப்புளம் வரும். இதே மா, முந்திரிக் குடும்பத்தில் ஒரு தொல்லையும் தராதது சாரப்பருப்பு. வறண்ட காடுகளின் புக்கனானியா மரங்களிலிருந்து கிடைக்கும் பயறளவுப் பருப்பு, இனிப்புகளின் மேலே தூவுவது.

தான்றிக்காயின் உள்ளே உள்ள பருப்பையும் பிள்ளைகள் உடைத்துத் தின்பார்கள். நிறையத் தின்றால் கிறுகிறுக்கும் என்று காட்டுப் பக்கத்தில் எச்சரிப்பார்கள். எட்டியும் தேற்றாங்கொட்டையும் ஒரே பேரினம், இலையும் ஏறக்குறைய ஒன்று. எட்டியில் இருப்பது ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு, தேற்றாங்கொட்டையோ கலங்கிய குடிநீரைத் தெளியவைக்கப் பானையில் தேய்ப்பது.

கேரள எல்லையில் தொகுக்கும்போது ஈந்து என்ற சொல்லை உஷாராகப் பாருங்கள். தமிழில் அது ஈச்சை. பழம் தின்னலாம், குருத்தும் தின்னலாம். மலையாளத்தில் ஈந்து என்பது சைகஸ் சர்சினாலிஸ், நம் மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கப்படுவது அந்த மரத்தின் கூம்பு. அதன் கொட்டையில் சைகசின் என்ற நஞ்சு உண்டு, ஈரலைக் கெடுக்கும். உடைத்து, காயவைத்து, பல நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகே மாவாக்குவார்கள்.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் கீழே இவற்றையாவது எழுதுங்கள்: எந்த ஊரில் கேட்டது, சொன்னவர் எந்தச் சமூகத்தவர், எந்தப் பாகத்தைத் தின்கிறார்கள், எந்த மாதத்தில், என்ன பக்குவம் செய்து. பக்குவம் இல்லாமல் 'உண்ணத்தக்கது' என்று மட்டும் எழுதினால் அது தவறான தகவல்தான். இலை, தண்டு, பூ, கிழங்கு நாலையும் படம் எடுங்கள். இலையும் பூவும் உள்ள ஒரு கிளையைப் பாடம் செய்து வைத்தால், தாவரவியல் பெயர் பின்னாளில் மாறினாலும் உங்கள் பதிவு செல்லும். சேனையே முன்பு அமார்போஃபாலஸ் கம்பானுலாட்டஸ் என்று எழுதப்பட்டது, இப்போது பியோனிஃபோலியஸ்.

சரிபார்க்க கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியமும் (உலர்தாவரக் காப்பகம்) நல்ல இடங்கள். கிழங்குகளுக்கென்றே திருவனந்தபுரத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அப்புறம், காப்புக்காட்டில் மாதிரி எடுப்பதற்கு முன் வனத்துறையின் அனுமதி வாங்குங்கள். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது, பெயர் தொகுக்கப் போகும் நமக்கு அல்ல.